நாற்பத்தாறு ஆட்டங்கள் போதுமா?

மேற்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றின் வடகரையில் இருக்கிறது பிரெண்ட்ஃபோர்டு. அந்த ஊரின் கால்பந்து கிளப் 1947இல் இங்கிலாந்தின் முதல் அடுக்கு லீக்கிலிருந்து கீழே இறங்கியது. திரும்ப மேலே ஏற 74 ஆண்டுகள் ஆயின. அந்த ஏற்றம் நிகழ்ந்தது 2020-21 பருவத்தில். கால்பந்தில் ஈடுபாடு இல்லாதவர்களும் அந்தப் பருவத்தைக் கவனித்துப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் என்று நாம் வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டுப் போகும் ஒன்றை அளந்து பார்க்க முடியும் என்பதற்கு, சமீப காலத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் சில எண்கள். 2019-20 பருவத்தில் பிரெண்ட்ஃபோர்டு 46 ஆட்டங்களில் 80 கோல் போட்டது, 38 கோல் வாங்கியது. கிடைத்தது 81 புள்ளி. அடுத்த பருவத்தில் 79 கோல் போட்டது, 42 வாங்கியது. கிடைத்தது 87 புள்ளி. அதாவது, கோல் கணக்கில் பார்த்தால் முந்தைய ஆண்டு அணிதான் கொஞ்சம் மேல். புள்ளியில் பார்த்தால் பிந்தைய அணி ஆறு புள்ளி முன்னால் நிற்கிறது. இரண்டு ஆண்டும் பட்டியலில் மூன்றாம் இடம்தான். முதல் ஆண்டு வாசல்வரை வந்து திரும்பிய அணி, இரண்டாம் ஆண்டு உள்ளே நுழைந்தது.

விளையாட்டுப் பக்கங்களில் இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் எழுதுவார்கள்: முதல் ஆண்டு மனவுறுதி போதவில்லை, தோல்வியிலிருந்து பாடம் கற்றார்கள், இரண்டாம் ஆண்டு பக்குவப்பட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நம்புவதற்கு முன்னால், எந்த மாற்றமும் இல்லாத ஓர் அணிக்கே இப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிரெண்ட்ஃபோர்டின் உரிமையாளர் வாழ்நாள் முழுக்கச் செய்து வந்த வேலையே இந்தக் கணக்குதான்.

மேத்யூ பென்ஹம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர். லண்டன் நிதிச் சந்தையில் வேலை பார்த்துவிட்டு, கால்பந்துப் பந்தயத்துக்கான கணித மாதிரிகளை உருவாக்கும் துறைக்குப் போனார். 2004இல் ஸ்மார்ட்ஆட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சிறுவயதிலிருந்தே பிரெண்ட்ஃபோர்டின் ரசிகர். கிளப் பணமில்லாமல் தடுமாறியபோது கடன் கொடுக்கத் தொடங்கி, 2012இல் அதன் உரிமையாளரே ஆகிவிட்டார். பின்னாளில் கிளப்பின் இயக்குநர்களில் ஒருவரான ராஸ்மஸ் ஆங்கர்சன், தான் பென்ஹமை முதன்முதலில் சந்தித்த கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிரெண்ட்ஃபோர்டு அப்போது மூன்றாம் அடுக்கில், பட்டியலில் மேலே இருந்தது. இந்த ஆண்டு மேலே போய்விடுவீர்களா என்று கேட்டாராம். முடியும் என்றோ முயல்வோம் என்றோ பதில் வரவில்லை. வாய்ப்பு நாற்பது சொச்சம் சதவீதம் என்று வந்தது.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது?

கால்பந்தில் கோல் என்பது அபூர்வமான நிகழ்ச்சி. தொண்ணூறு நிமிடம் இருபத்திரண்டு பேர் ஓடி, சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை, இரண்டே முக்கால் கோல்தான் விழுகிறது. எப்போதாவது நிகழும், எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு கணக்கு உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் பாய்சான் 1837இல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது; நம் மேல்நிலைப் பாடநூல்களில் பாய்சான் பரவல் என்ற பெயரில் வருகிறது. அதை உலகம் கவனிக்கச் செய்தவர் புள்ளியியலாளர் போர்ட்கெவிச். 1898இல் அவர் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை எடுத்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 வரிகள். மொத்தச் சாவு 122. ஒரு வரிக்குச் சராசரி 0.61. இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பாய்சானின் சூத்திரம், 200இல் சுமார் 109 வரிகளில் சாவே இருக்காது, 66இல் ஒரு சாவு, 20இல் இரண்டு என்று சொல்கிறது. உண்மையில் இருந்தவை 109, 65, 22. எந்தக் குதிரை எந்த நாளில் உதைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா உதைகளும் சேர்ந்தால் ஓர் ஒழுங்குக்குள் வந்து நிற்கின்றன.

கோலும் ஏறக்குறைய அப்படித்தான் விழுகிறது. பிரெண்ட்ஃபோர்டு 2020-21இல் ஆட்டத்துக்குச் சராசரி 1.72 கோல் போட்டது, 0.91 வாங்கியது. இவ்விரண்டு எண்களைப் பாய்சான் பரவலில் இட்டால், ஓர் ஆட்டத்தில் வெல்ல 56 சதவீதம், சமனில் முடிய 24, தோற்க 20 என்று வருகிறது. காகிதமும் கால்குலேட்டரும் இருந்தால் அரைமணி நேரத்தில் யாரும் போட்டுப் பார்க்கலாம். 46 ஆட்டங்களுக்கு நீட்டினால் 26 வெற்றி, 11 சமன், 9 தோல்வி. புள்ளி ஏறத்தாழ 89. களத்தில் நடந்தது 24 வெற்றி, 15 சமன், 7 தோல்வி, 87 புள்ளி. ஒன்பது மாதம், 46 ஆட்டம், அத்தனை காயங்கள், மழை, நடுவர் தீர்ப்புகள் எல்லாவற்றையும் இரண்டே எண்களுக்குள் அடக்கிப் பார்த்தால் விலகல் வெறும் இரண்டு புள்ளி!

சமன்கள் மட்டும் கணக்கைவிட அதிகமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. 1997இல் மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் எழுதிய கட்டுரை, எளிய பாய்சான் கணக்கு 0-0, 1-1 ஆகிய முடிவுகளைக் குறைத்து மதிப்பிடுகிறது என்று காட்டி, அதைச் சரிசெய்யும் வழியையும் சொன்னது. ஆட்டம் சமனில் இருக்கும்போது, இருக்கும் ஒரு புள்ளியும் போய்விடக்கூடாது என்று இரு தரப்பும் எச்சரிக்கையாகிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். பந்தயச் சந்தைக் கணித மாதிரிகளுக்கு இந்தக் கட்டுரை இன்றும் அரிச்சுவடி.

இதே கணக்கை முந்தைய பருவத்துக்கும் போடலாம். 80 கோல் போட்டு 38 வாங்கிய அணிக்கு 92 புள்ளி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 81. பதினொரு புள்ளி காணாமல் போயிருக்கிறது.

எங்கே போயிற்று? இங்கேதான் திட்ட விலக்கம் வருகிறது. ஒரே பலமுள்ள அணி, அதே லீக்கில், அதே பருவத்தை ஆயிரம் முறை ஆடுவதாகக் கற்பனை செய்வோம். ஒவ்வொரு முறையும் புள்ளி மாறும். மேலே சொன்ன 56-24-20 அணிக்கு அந்த மாற்றத்தின் அளவு எட்டரைப் புள்ளி. மூன்றில் இரண்டு முறை அது 80க்கும் 97க்கும் இடையில் எங்கோ முடிக்கும். மீதி ஒரு முறை அதற்கும் வெளியே போகும். பயிற்சியாளர் மாறவில்லை, ஆட்டக்காரர் மாறவில்லை, யாருடைய மனவுறுதியும் மாறவில்லை. கம்பத்தில் பட்ட பந்து உள்ளே திரும்பியதா, வெளியே திரும்பியதா என்பதுதான் மாறியது. 2019-20இன் பதினொரு புள்ளிக் குறைவு, பத்துப் பருவங்களுக்கு ஒரு தரம் எந்த நல்ல அணிக்கும் நேரக்கூடியது.

இங்கே இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கின் விதியைச் சொல்ல வேண்டும். சாம்பியன்ஷிப் என்று அழைக்கப்படும் அந்த லீக்கில் 24 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 23 அணிகளோடு இரண்டு முறை மோதும். முதல் இரண்டு இடங்களுக்கு பிரீமியர் லீக்கில் நேரடி இடம். அந்தப் பருவங்களில் மூன்று முதல் ஆறு வரை வந்த நான்கு அணிகள் பிளே-ஆஃப் ஆடி, அவற்றில் ஒன்று மட்டும் மேலே போனது. மேலே போகிற அணிக்கு, தொலைக்காட்சி வருமானம் உட்பட, அடுத்த சில ஆண்டுகளில் பதினைந்து கோடி பவுண்டுக்கும் மேல் கிடைக்கும். 2019-20இல் பிரெண்ட்ஃபோர்டு இரண்டாம் இடத்தை இழந்தது வெறும் இரண்டு புள்ளியில். எட்டரைப் புள்ளி ஆடக்கூடிய அளவுகோலில் இரண்டு புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது, காய்கறித் தராசில் தங்கத்தை நிறுப்பது போன்றது. லீக்குக்கு வேறு வழியில்லை. யாராவது மேலே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தத் தராசைப் பார்த்து, ஓர் அணி நல்லது, மற்றது மட்டம் என்று கிளப்பை நடத்துகிறவர் முடிவு செய்தால் அது பெரிய பிழை.

பென்ஹம் இதைச் செய்ய மறுத்தார். அவர் டென்மார்க்கில் வாங்கிய மிட்யூலாண்ட் கிளப்பிலும் பிரெண்ட்ஃபோர்டிலும் அசல் புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியலும் இருந்தது. அணிகள் உருவாக்கிய கோல் வாய்ப்புகளின் தரத்தை வைத்து, நியாயமாகப் பார்த்தால் யார் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். 2018 அக்டோபரில் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற டென்மார்க்காரர் தாமஸ் ஃபிராங்க், முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் கிறிஸ்துமசுக்கு முன் ஆளை மாற்றியிருப்பார்கள். பிரெண்ட்ஃபோர்டு மாற்றவில்லை. முடிவுகளைவிட ஆட்டத்தின் அடியில் ஓடும் எண்கள் மேலாக இருக்கின்றன என்று பொறுத்தார்கள். எல்லோரும் கூச்சலிடும்போது பத்து ஆட்டங்கள் ரொம்பக் குறைவு என்று உட்கார்ந்திருப்பதற்கு வேண்டிய துணிவு சாதாரணமானதல்ல. இந்தக் கிளப்பின் மேல் எனக்கு மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

அடியில் ஓடும் எண்கள் என்றால் என்ன? அதை இன்று ‘எக்ஸ்ஜி’ என்கிறார்கள். எதிர்பார்க்கக்கூடிய கோல் என்று புரிந்துகொள்ளலாம். கோலை நோக்கி அடிக்கப்பட்ட பல்லாயிரம் ஷாட்களைப் பதிவு செய்து, எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா, எப்படிப்பட்ட பாஸுக்குப் பிறகு என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகை ஷாட்டும் நூற்றில் எத்தனை தரம் கோலானது என்பதுதான் அதன் மதிப்பு. பெனால்டிக்கு முக்காலுக்குச் சற்று மேல். பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து அடித்தால் நூற்றில் மூன்று நான்குதான். சராசரியாக எந்த ஷாட்டுக்கும் பத்தில் ஒன்று.

இதற்குள்ளேயும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஓர் அணி பத்தில் ஒன்று மதிப்புள்ள ஷாட்கள் பதினைந்து அடிக்கிறது. இன்னோர் அணி முக்கால் மதிப்புள்ள வாய்ப்புகள் இரண்டை மட்டும் உருவாக்குகிறது. இரண்டுக்கும் மொத்த மதிப்பு ஒன்றரைதான். ஆனால் முதல் அணி ஒரு கோல்கூடப் போடாமல் வீடு திரும்ப 21 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டாவது அணிக்கு 6 சதவீதம்தான். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முதல் அணிதான் தாக்கிக்கொண்டே இருப்பதாகத் தெரியும். முதல் அணிக்கு நாலு கோல் விழும் நாளும் அதிகம், ஒன்றும் விழாத நாளும் அதிகம். சிதறல்தான் வேறு.

பிரெண்ட்ஃபோர்டுக்கும் இந்த எண்ணும் பழக்கத்துக்கும் இருக்கும் உறவு பென்ஹமோடு தொடங்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் அணியின் ஓர் ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகு குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். கால்பந்தை முறையாக எண்ணத் தொடங்கிய முதல் ஆள்களில் ஒருவர். மறு ஆண்டு, இரண்டாம் அடுக்கில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கிளப் அவரை ஆலோசகராக அழைத்தது. அந்தக் கிளப் பிரெண்ட்ஃபோர்டு! பிற்காலத்தில், 1968இல், பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து ரீப் எழுதிய கட்டுரை ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வந்தது. கோல் விழுவதில் வாய்ப்பின் பங்கு எவ்வளவு என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களுக்குப் பிறகு விழுகின்றன என்று அவர் கண்டார்; ஆகவே நீளமாக உதைத்து முன்னேறுவதே நல்லது என்று முடிவு கட்டினார். எண்ணியது சரி, முடிவு தவறு. ஆட்டத்தில் பந்து கைமாறும் முறைகளில் பெரும்பாலானவை குறைந்த பாஸ்களோடு முடிபவைதான். ஆகவே கோல்களிலும் அவையே அதிகம் இருக்கும். இங்கிலாந்துக் கால்பந்து பல பத்தாண்டுகள் வானத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்ததில் இந்தப் பிழைக்கும் பங்கு உண்டு. எண் கையில் இருப்பது போதாது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2020-21க்குத் திரும்புவோம். அந்தப் பருவத்தை இரண்டு பெரிய விற்பனைகளோடு கிளப் தொடங்கியது. முந்தைய ஆண்டு 25 லீக் கோல் போட்ட ஆலி வாட்கின்ஸ் 2.8 கோடி பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். சில வாரங்களில் சயீத் பென்ரஹ்மா வெஸ்ட் ஹாமுக்குப் போனார். வாட்கின்ஸின் இடத்துக்கு மூன்றாம் அடுக்கிலிருந்த பீட்டர்பரோவிலிருந்து ஐவன் டோனி வந்தார். நியூகாஸில் கிளப் ஒருகாலத்தில் வாங்கி, ஆறு முறை இரவல் கொடுத்து, கடைசியில் விற்றுவிட்ட ஆள். அவர் அந்தப் பருவத்தில் 31 லீக் கோல் போட்டு, சாம்பியன்ஷிப்பின் ஒரு பருவச் சாதனையை உடைத்தார். ஆட்களை விற்பதும் மலிவாக வாங்குவதும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட டோனி பெனால்டி அடிக்கும் விதம்தான் பிடிக்கும்.

பந்துக்கும் கோலுக்கும் பதினொரு மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டரில் உதைத்தால் 0.4 வினாடியில் கோட்டைக் கடந்துவிடும். கண் பார்த்து உடல் அசையவே சுமார் 0.2 வினாடி வேண்டும். மீதியில் மூலைக்குப் பாய முடியாது. ஆகவே உதைக்கும் கணத்துக்குச் சற்று முன்னாலேயே கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். வலுவாக உதைப்பவர்கள் பந்தின் வேகத்தை நம்புகிறார்கள். டோனி அந்த முன்கூட்டிய சாய்வை நம்பினார். நீண்ட ஓட்டம் கிடையாது. சில அடி பின்னால் நின்று, மெதுவாக நடந்து வருவார். கண் பந்தின் மேல் இருக்காது. கோல்கீப்பரின் இடுப்பையும் கால்களையும் பார்த்துக்கொண்டே வருவார். அவர் ஒரு பக்கம் எடை மாற்றியதும் பந்தை மறுபக்கம் தள்ளிவிடுவார். வேகம் தேவையே இல்லை. அசையாமல் நின்று தாக்குப்பிடிக்கும் கோல்கீப்பர் முன்னால் இது ஆபத்தான வித்தை. ஆனால் நிற்பதற்கு அவர்களுக்கு மனம் வருவதில்லை.

அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுவரை பிரெண்ட்ஃபோர்டு 21 லீக் ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது. பிறகு பிப்ரவரி 14இல் பார்ன்ஸ்லியிடம் தோற்றது. அடுத்து க்யூபிஆர், அதற்கடுத்து கோவென்ட்ரி. ஒரு வாரத்துக்குள் மூன்று தோல்விகள். முந்தைய ஆண்டு கடைசி இரண்டு லீக் ஆட்டங்களிலும் தோற்று நேரடி இடத்தைக் கோட்டைவிட்ட அணி இது. ரசிகர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். நம் 20 சதவீதத் தோல்விக் கணக்கை வைத்துப் பார்ப்போம். குறிப்பிட்ட மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. 46 ஆட்டங்களில் எங்காவது ஓரிடத்தில் மூன்று தோல்விகள் அடுத்தடுத்து வர எவ்வளவு வாய்ப்பு? சுமார் 24 சதவீதம். நல்ல அணிக்கும் நான்கு பருவத்துக்கு ஒரு தரம் இப்படி ஒரு வாரம் வரும். இருபத்தொரு ஆட்டம் தோற்காமல் ஆடுவதுதான் உண்மையில் அபூர்வம். அதற்குச் சுமார் 6 சதவீதம்தான். மனித மனம் இரண்டையும் தலைகீழாக எடுத்துக்கொள்கிறது. நீண்ட வெற்றி வரிசையை அணியின் இயல்பு என்று நினைத்துக்கொண்டு, குட்டையான தோல்வி வரிசையை நோய் என்று பயப்படுகிறது.

பருவ முடிவில் நார்விச் 97 புள்ளியோடு முதலிடம், வாட்ஃபோர்டு 91, பிரெண்ட்ஃபோர்டு 87. நார்விச் போட்டது 75 கோல், வாங்கியது 36. அதே பாய்சான் கணக்கில் நார்விச்சுக்கு வருவது 91 புள்ளி, பிரெண்ட்ஃபோர்டுக்கு 89. பட்டியலில் பத்துப் புள்ளியாகத் தெரியும் இடைவெளி கோல்களின் கணக்கில் இரண்டாகச் சுருங்குகிறது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கோல்களின் எண்ணிக்கைக்குள்ளேயே அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது, உள்ளூரா வெளியூரா, எதிரணி யார் என்பதையும் என் எளிய கணக்கு பார்க்கவில்லை. கிளப்புகள் வைத்திருக்கும் மாதிரிகள் இதையெல்லாம் சேர்த்துக்கொள்கின்றன. ஆனாலும் திசை மாறாது.

அந்த ஆண்டு கொரோனாவால் அரங்குகள் பெரும்பாலும் காலி. வேறு எப்போதும் யாராலும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு பரிசோதனை தானாகவே நடந்தது. கூட்டம் இல்லாதபோது உள்ளூர் அணியின் சாதகம் குறைந்ததையும், வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததையும் ஐரோப்பிய லீக்குகளின் தரவு காட்டியது. உள்ளூர் சாதகத்தில் ஒரு பங்கு ஆட்டக்காரர்களின் கால்களில் இல்லை, கூட்டத்தின் இரைச்சலைக் கேட்கும் நடுவரின் காதில் இருந்திருக்கிறது. பிரெண்ட்ஃபோர்டு அந்தப் பருவத்தில்தான் 116 ஆண்டுகள் ஆடிய கிரிஃபின் பார்க்கை விட்டு, கியூ பாலத்துக்கு அருகில் கட்டிய 17,250 இருக்கைப் புது அரங்குக்கு வந்தது. அதுவும் காலி அரங்காகவே தொடங்கியது.

பிளே-ஆஃப் வந்தது. பிரெண்ட்ஃபோர்டு அதற்கு முன் ஒன்பது முறை பிளே-ஆஃப் ஆடி, ஒன்பதிலும் தோற்றிருந்தது. சாபம் என்றார்கள். நான்கு அணிகளும் சமபலம் என்று கொண்டால், ஒன்பது முறையும் தோற்பதற்கான வாய்ப்பு ஏழரை சதவீதம். இத்தனை கிளப்புகள் இத்தனை ஆண்டுகள் ஆடும் நாட்டில், யாராவது ஒரு கிளப்புக்கு அது நேரத்தான் செய்யும். அந்தக் கிளப்பின் ரசிகராக இருப்பவருக்கு இது எந்த ஆறுதலும் தராது என்பது வேறு விஷயம். 2013இல் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை: மூன்றாம் அடுக்கின் கடைசி நாள், டான்காஸ்டருக்கு எதிராக ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் பெனால்டி. போட்டால் மேலே போகலாம். வழக்கமாக அடிக்கும் கேப்டனிடம் கொடுக்காமல் இளைஞர் மார்செல்லோ ட்ரோட்டா பந்தை எடுத்துக்கொண்டார். பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. அதே மூச்சில் டான்காஸ்டர் மறுமுனைக்கு ஓடி ஜேம்ஸ் காப்பிங்கர் காலால் கோல் போட்டு, பட்டத்தையே வென்றது. முக்காலுக்கு மேல் மதிப்புள்ள வாய்ப்பு நான்கில் ஒரு முறை வீணாகும். அந்த ஒரு முறை அன்றைக்கு வந்தது. பென்ஹம் அப்போதும் வழியை மாற்றவில்லை. மறு ஆண்டே அணி இரண்டாம் அடுக்குக்கு ஏறியது.

2021 அரையிறுதியில் எதிரணி போர்ன்மத். முதல் சுற்றில் பிரெண்ட்ஃபோர்டு 0-1 தோல்வி. மே 22, இரண்டாம் சுற்று, ஐந்தாம் நிமிடத்திலேயே ஆர்னோட் டாஞ்சுமா இன்னொரு கோல் போட்டுவிட்டார். மொத்தத்தில் இரண்டு கோல் பின்னடைவு. பதினாறாம் நிமிடம் டோனிக்குப் பெனால்டி; நடந்து வந்து போட்டார். சற்று நேரத்தில் போர்ன்மத்தின் கிறிஸ் மெஃபமுக்குச் சிவப்பு அட்டை. இரண்டாம் பாதியில் விட்டாலி யானெல்ட் ஒன்று, 81ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் மார்கஸ் ஃபோர்ஸ் ஒன்று. 3-1, மொத்தத்தில் 3-2. ஐந்தாம் நிமிடத்தில் எந்தக் கணித மாதிரியைக் கேட்டிருந்தாலும் பிரெண்ட்ஃபோர்டுக்குச் சொற்ப வாய்ப்புதான் சொல்லியிருக்கும். மாதிரி தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. பத்து சதவீதம் என்று சொன்னவை பத்தில் ஒரு முறை நடக்காமலே போனால்தான் மாதிரி தப்பு.

மே 29, வெம்பிளி, இறுதி ஆட்டம், எதிரணி ஸ்வான்சி. முந்தைய ஆண்டு இதே மைதானத்தில், ஆளில்லா அரங்கில், ஃபுல்ஹாமின் ஜோ பிரையன் சுமார் நாற்பது கெஜத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் கூடுதல் நேரத்தில் கோல்கீப்பர் டேவிட் ராயாவை ஏமாற்றி உள்ளே போனது. பிரையன் பந்தைக் குறுக்கே அனுப்புவார் என்று எதிர்பார்த்து ராயா சற்று முன்னால் நகர்ந்திருந்தார். இந்த முறை கூடுதல் நேரம் தேவைப்படவில்லை. பத்தாம் நிமிடம், பிரயன் எம்பூமோவைக் கோல்கீப்பர் வீழ்த்த, டோனியின் பெனால்டி. இருபதாம் நிமிடம், எதிர்த்தாக்குதலில் மாட்ஸ் ரோர்ஸ்லெவ் பின்னால் தள்ளிக் கொடுத்த பந்தை எமிலியானோ மார்கொண்டஸ் நிறுத்தாமலே உதைத்தார். பிறகு டோனி அடித்த ஒன்று குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 2-0. பத்தாவது பிளே-ஆஃபில் பிரெண்ட்ஃபோர்டு ஏறியது.

மேலே ஏறிய மூன்று அணிகளும் அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்கில் ஆடின. 38 ஆட்டங்களில் நார்விச் 22 புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தது. வாட்ஃபோர்டு 23 புள்ளியோடு அதற்கு மேல். இரண்டும் கீழே இறங்கின. இரண்டாம் அடுக்கில் இவ்விரண்டுக்கும் பின்னால் நின்ற பிரெண்ட்ஃபோர்டு, ஆர்சனலை 2-0 என்று வென்று தொடங்கி, பதின்மூன்றாம் இடத்தில் முடித்தது. அதன் புள்ளிகள் 46. அந்த இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்ததைவிட ஒன்று கூடுதல்.